கப்பல் எங்கிட்டு இருக்கு?

“கப்பல் எங்கிட்டு வந்திருக்கு மொதலாளி?”

அலுவலக வாசலில் வேலுத்தாய் நின்றாள். சாந்தன்பாறையில் வீரபாண்டியின் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி.

வீரபாண்டி செல்போனில் வரைபடத்தைத் திறந்தார். “செங்கடல்ல பிரச்சினையாம் வேலுத்தாயி. ஆப்பிரிக்காவச் சுத்திக்கிட்டு வருது.”

“சுத்தி வந்தா எத்தன நாளு ஆகும்?”

“பதினஞ்சு இருபது நாள் கூட ஆகும்.”

“அடேயப்பா!” என்று கன்னத்தில் கைவைத்தாள் வேலுத்தாய். வீரபாண்டிக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. ஐப்பசிக்குள் வந்து சேரவேண்டிய பெட்டி. ஜெர்மனியிலிருந்து வரவழைக்கிறார். வீட்டில் ஒருத்தர்கூட அதைப் பற்றி விசாரித்ததில்லை. இவள் தினமும் காலையில் வந்து கேட்கிறாளே!

கார்த்திகையில் ஒரு நாள், “கொழும்புல எறக்கிட்டாங்களாம்” என்றார் வீரபாண்டி.

வேலுத்தாயின் முகம் வாடிப்போனது. “அம்புட்டுப் பக்கத்துலயா?”

“பக்கந்தான். ஆனா கொச்சிக்கு வேற கப்பல்ல ஏத்தணும். எல்லாக் கப்பலும் கண்ட நேரத்துல வர்றதால துறைமுகத்துல ஒரே நெரிசல். நம்ம முறை வர ஒரு மாசத்துக்கு மேல ஆகுமாம்.”

“ஒரு மாசமா? கவலப்படாதீங்க மொதலாளி, எல்லாம் நல்லதுக்குத்தேன்” என்று சிரித்தாள். தனக்குத் தைரியம் சொல்லத்தான் சிரிக்கிறாள் என்று வீரபாண்டி நினைத்துக்கொண்டார். அன்று ஸ்டோருக்குள்ளிருந்து பாட்டும் கும்மாளமுமாகக் கேட்டது. காய்கள் மளமளவென்று பிரிந்தன.

தை பிறந்தது. கடைசிச் சுற்று அறுவடையும் முடிந்து, காயெல்லாம் மூட்டையாகிப் போன பிறகு ஒரு நாள் முற்பகலில், கொச்சியிலிருந்து லாரி மூச்சு வாங்கியபடி மலையேறி வந்தது.

வீரபாண்டி எல்லாரையும் வெளியே கூப்பிட்டார்.

“ஒரு சேதி. நீங்க பிரிச்ச காய்க்குத்தான் இந்த வருசம் ஏலத்துல முதல் தரம். அடுத்த வருசமும் கையால பிரிச்ச சரக்குதான் வேணும்னு வாங்குனவங்க எழுதியே குடுத்துட்டாங்க. அதனால இந்தப் பெட்டிய நான் எறக்கப் போறதில்ல. கம்பத்துல ஒருத்தர் கேட்டாரு, அப்படியே குடுத்துடப் போறேன்.”

பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். வேலுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. மடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, சூடம் ஏற்றி, லாரியைச் சுற்றிக் காட்டி முன்சக்கரத்தடியில் ஓங்கி உடைத்தாள்.

அவர் சேதி சொல்வதற்கு முன்பே அவள் தேங்காயோடுதான் வந்திருக்கிறாள்! வீரபாண்டி அவள் பக்கத்தில் போனார்.

“கப்பல் பத்திரமா வந்து சேந்ததுக்கா வேலுத்தாயி?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“கோவிச்சுக்காதீங்க மொதலாளி. இம்புட்டு லேட்டா வந்து சேந்ததுக்கு!”

வீரபாண்டி திகைத்துப்போய் லாரியை ஏறிட்டுப் பார்த்தார். பன்னிரண்டு பேரையும் ஐப்பசியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கவேண்டிய அந்த ஏலக்காய் தரம் பிரிக்கும் மெஷின், கட்டுகூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது.