டாக்டரம்மாவின் வலது கை

"அந்த டாக்டரம்மா என் பொண்ணைத் தொடக் கூடாது!"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கண்ணாயிரம் ஸ்ட்ரெச்சரை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏன்பா?" என்றாள் நர்ஸ் கிருஷ்ணம்மாள்.

"நேத்து சாயங்காலம் என் கண்ணால பார்த்தேம்மா. அவங்க வலது கை துவண்டு போய்த் தொங்கிக்கினு இருக்குது. இன்னொரு டாக்டரு ஸ்பூன்ல டிபன் ஊட்டி வுடறாரு. அந்தக் கையால எப்படிம்மா ஊசி போடுவாங்க?"

கருடசேவை பார்க்க அத்தை வீட்டு மாடிச் சுவரில் ஏறி விழுந்ததில் அபிநயாவுக்கு முழங்கை முறிந்திருந்தது. எட்டு வயது. மூச்சிளைப்பு வேறு. முழு மயக்கம் ஆபத்து. அதனால் புதிதாக வந்த ஸ்கேன் மெஷினில் நரம்பைப் பார்த்துக்கொண்டே, கையை மட்டும் மரத்துப்போக வைப்பதாக ஏற்பாடு. மயக்க மருந்து டாக்டர் வத்ஸலா ஒரு குழந்தைக்கு இப்படிப் போடுவது இதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு வத்ஸலாவே வெளியே வந்தார்.

"நீங்களும் உள்ள வாங்க. என் கையையே பார்த்துக்கிட்டு நில்லுங்க. ஒரு தடவை நடுங்கினாலும் சொல்லுங்க, நிறுத்திடறேன்."

உள்ளே, ஸ்கேன் திரையில் சாம்பல் நிறப் புகை. நடுவில் ஒரு கறுப்பு வட்டம் துடித்தது.

"அப்பா, நம்ம தாமல் ஏரியில மீன் வாயைத் தொறந்து மூடுமே, அது மாதிரியே இருக்குதுப்பா!"

"அது உன் ரத்தக் குழாய். பக்கத்துல வெள்ளையா, தேன்கூடு மாதிரி தெரியுது பார், அதான் நரம்பு. இப்ப சுருக்குனு ஒரு குத்து."

திரையில் ஊசி வெள்ளிக் கோடாக நகர்ந்து நரம்பின் ஓரம் நின்றது. கண்ணாயிரம் இமைக்காமல் பார்த்தார். கை நடுங்கவில்லை.

"விரல் நுனியில வெயில் பட்ட மாதிரி வெதுவெதுன்னு இருக்கும்... அப்புறம் எறும்பு ஊரும்... அப்புறம் கை எங்கியோ மேல மிதக்கும். எட்டிப் பார்த்தா பக்கத்துலயே கிடக்கும்."

"ஆமா... மிதக்குது..." கண் செருகச் சிரித்தாள் அபிநயா.

எலும்பைச் சேர்த்து முடிக்கும்வரை ஒரு முனகல்கூட இல்லை.

கட்டுப் போடும்போது கேட்டாள். "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு டாக்டர். எப்படித் தெரியும்? புக்குல போட்டிருக்குதா?"

"எங்க குத்தணும்னுதான் புக்குல இருக்கு. உனக்கு எப்படி இருக்கும்னு இல்லையே! அதான் நேத்து சாயங்காலம், முதல்ல என் கையில போடச் சொன்னேன்."