ராணி குளித்த குளம்

எங்கள் மலைக்கோட்டைக்கு நான்தான் கைடு. பாதி மலையில், பாறை நிழலில் நின்றபடியே, இடிந்த கோட்டையைக் கண்முன் கட்டி எழுப்பிவிடுவேன்.

"உச்சியில ராணி குளிச்ச குளம் இருக்கு சார். சுத்திலும் கருங்கல் படி. பார்க்காம வந்துடாதீங்க."

"நீங்க வரலையா?"

"பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு சார். நீங்க போயிட்டு வாங்க."

போன கணவனும் மனைவியும் பூரிப்போடு திரும்பினார்கள்.

"குளம் பிரமாதம்! நீங்க சொன்ன மாதிரியே இருக்கு!"

எனக்கே புல்லரித்துவிட்டது. உச்சியில் சோடா விற்கும் என் மனைவி சாயங்காலம் இறங்கி வந்ததும், ஆவலை அடக்க முடியாமல் கேட்டேன்.

"ஏம்மா, மேல நெஜமாவே குளம் இருக்கா?"

"குளமும் இல்ல, குட்டையும் இல்ல. வெறும் குட்டிச்சுவருதான்."

"ரெண்டு பேரு பார்த்துட்டு வந்தாங்களே!"

"இன்னைக்கு மேல ஒரு ஈ காக்கா வரலை. பாதியிலயே அவங்களுக்கும் உங்களை மாதிரி தலை சுத்தியிருக்கும்!"