சாவி இருக்கும் பாக்கெட்

சுங்கை லாலாங்கில் மகள் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே சவரிநாதனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ரோஸ்லின் கையெல்லாம் கிரீஸாக மோட்டார் சைக்கிளுக்குப் புதுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தாள். மருமகன் ஜெரால்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அதிகாரம் செய்துகொண்டிருந்தான்.

"கியர் நியூட்ரல்ல இருக்கா?"

"இருக்கு."

"செயினப் பூட்டுற கிளிப்ப எப்படிப் போடணும்?"

"மூடின பக்கம் செயின் ஓடுற திசையப் பார்த்து இருக்கணும், வாய் பின்னால. மாத்திப் போட்டா ஓட்டத்துல கழண்டுடும்."

"அப்புறம் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பியா?"

"விரல் போயிடும்லா. சக்கரத்தக் கையாலதான் சுத்திப் பார்ப்பேன்."

சவரிநாதனால் பொறுக்க முடியவில்லை. "ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு தெரிஞ்சவரு எந்திரிச்சு ஒரு கை குடுக்கக் கூடாதா?"

ஜெரால்டு அசடு வழிந்தபடி கையிலிருந்த தாளை நீட்டினான். அத்தனை கேள்விகளும் ரோஸ்லினின் கையெழுத்தில் இருந்தன.

"திங்கக்கிழமை அவளுக்கு மெக்கானிக் பரீட்சை மாமா. போன தடவ கிளிப்ப மாத்திப் போட்டு ஃபெயிலாயிட்டா. அவ எழுதிக் குடுத்தத நான் படிக்கிறேன், அவ்வளவுதான். எனக்கு டயருக்குக் காத்தடிக்கக்கூடத் தெரியாது."

"அதுக்கு உட்கார்ந்தேதான் படிக்கணுமா?"

"யாரும் தெரியாம ஸ்டார்ட் பண்ணிடக் கூடாதுன்னு மோட்டார் சாவி என் பாக்கெட்டுல இருக்கு. வேலை முடியிற வரைக்கும் நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு அவ ஆர்டர் மாமா."

ரோஸ்லின் தலையை நிமிர்த்தவே இல்லை. சக்கரத்தை மெல்லச் சுற்றி, கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவரிநாதன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தாள இப்படிக் குடுங்க மாப்பிள்ளை. அடுத்த கேள்விய நான் கேக்கிறேன்."