வேகவதியின் நூலேணி

கண்ணாடிக்குள் வேகவதி நின்றது.

கொடி இல்லை. புகை இல்லை. ஆள் இல்லை. இழுவைக் கப்பல் அந்தப் பழைய போர்க்கப்பலைக் காலையில் நடுக்கடலுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒதுங்கிப் போயிருந்தது.

அவர் பீரங்கி இருக்கையில் உட்கார்ந்து, குறிபார்க்கும் கண்ணாடியில் கண்ணைப் பதித்திருந்தார். இரண்டு கைகளிலும் இரண்டு சக்கரங்கள். ஒன்றைச் சுற்றினால் குழல் பக்கவாட்டில் நகரும். மற்றதைச் சுற்றினால் மேலும் கீழும் போகும். இந்த வேலையை அவர் கற்றுக்கொண்டதே வேகவதியில்தான்.

இன்றைக்கு அதையே சுட வேண்டும்.

வயதான போர்க்கப்பலுக்கு இரண்டு போக்கிடம்தான். ஒன்று, இரும்புக்கு உடைக்கிற இடம். இன்னொன்று, இது. நடுக்கடலில் நிறுத்திவைத்து, புதுக் கப்பல்காரர்கள் சுட்டுப் பழகுவார்கள். இதுதான் மரியாதையான சாவு என்று சொல்லிக்கொள்வார்கள். நல்ல மரியாதை.

"சீஃப், பின்தளத்தப் பாத்தீங்களா?"

பக்கத்தில் பைனாகுலரோடு நின்ற லெப்டினன்ட் அருணகிரி கேட்டான். சின்ன வயது, பதவியில் சீஃபுக்கு மேல். அந்தக் கப்பலில் ஏறியதே இல்லை.

"நூலேணி தொங்குது பாருங்க. நடுக்கடல்ல ஏணியத் தொங்கவிட்டுட்டு நின்னா மானக்கேடு இல்லையா? கடைசியா எறங்குன ஆளு யாரு?"

"நாந்தான் சார். காலைல கடைசியா சோதிக்கப் போனேன்."

லெப்டினன்ட் பைனாகுலரை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தான்.

"நீங்களா? சுருட்ட மறந்துட்டீங்களா?"

"சுருட்டல சார்."

வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைத்துக்கொள்ளட்டும்.

அவருக்கு மீசை கறுப்பாக இருந்த காலம் அது. தம்பி லியோன், அண்ணனைப் பார்த்துப் பெரியதாழையிலிருந்து கடற்படைக்கு வந்தவன். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கப்பல் வாய்த்தது. அம்மாவுக்கு அதில் ஏக நிம்மதி.

இதே வங்காள விரிகுடாவில் ஒரு புயல். பின்தளத்தில் அறுந்து ஆடிய கயிற்றைக் கட்டப் போன லியோனை அலை வழித்துக்கொண்டு போனது.

கப்பல் திரும்பி வந்து அந்த இடத்தையே சுற்றியது. அவர் பின்தளத்திலிருந்து நூலேணியை இறக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போகும்வரை கூப்பிட்டார். லியோன் நன்றாக நீந்துவான். பிடித்து ஏற ஓர் ஏணி இருந்தால் போதும்.

மறுநாள் சாயங்காலம் உத்தரவு வந்தது. தேடியது போதும். ஏணியைச் சுருட்டு.

அவர்தான் சுருட்டினார்.

ஒவ்வொரு படியாக, தண்ணீர் சொட்டச் சொட்ட, தன் கையாலேயே மேலே இழுத்தார். அதன் கனம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளில் மெழுகுவத்தி கொளுத்தும். அம்மா மட்டும் கடற்கரை மணலில் ஒன்றை நட்டுவைப்பாள். காற்று அணைத்துவிடும். அவள் மறுபடியும் கொளுத்துவாள்.

"ரெடி சீஃப்?"

"ரெடி சார்."

முதல் குண்டு கப்பலைத் தாண்டி விழ வேண்டும். இரண்டாவது, முன்னாலேயே விழ வேண்டும். தூரத்தை இப்படித்தான் கணிப்பார்கள். மூன்றாவது தப்பாது.

சுட்டார். இருக்கை உதறியது. வேகவதிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வெள்ளையாக எழுந்து விழுந்தது.

மறுபடி சுட்டார். இந்தப் பக்கம் எழுந்தது.

"பிரமாதம். இனி நடுவுல போடுங்க. நம்மளால முடியலன்னா நீர்மூழ்கிக்கு விட்டுருவாங்க. ஒரே டார்பிடோ. முதுகு ஒடிஞ்சு ரெண்டு துண்டாயிரும். பின்பக்கம் தூள்தான்."

அது அவருக்குத் தெரியும். நேற்று முழுக்க அவர் நினைத்துக்கொண்டிருந்ததே அதைத்தான்.

நடுவில் அடித்தால் வேகவதி எரியும், சீக்கிரம் மூழ்காது. பிறகு டார்பிடோ வரும். மூக்கில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி அடித்தால் தலைகுப்புறப் போகும். பின்தளம் கீறல்கூடப் படாமல் கடைசியாகப் போகும்.

நடுவில் என்பது உத்தரவு.

ஓர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது போதும் என்று அவருக்குத் தோன்றியது.

சக்கரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் சுற்றினார்.

மூன்றாவது குண்டு மூக்கில் பாய்ந்தது.

"நடுவுலன்னு சொன்னேனே சீஃப்?"

"கை தவறிடுச்சு சார்."

அடுத்த குண்டுக்கும் கை தவறியது. அதற்கடுத்ததுக்கும் தவறியது, அதே இடத்தில்.

லெப்டினன்ட் பைனாகுலரைத் தூக்கிப் பின்தளத்தைப் பார்த்தான்.

வேகவதி மெதுவாகத் தலை கவிழ்ந்தது. பின்தளம் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. தண்ணீர் வழிய, கப்பலைத் தள்ளும் சுழலிகள் வெளியே தெரிந்தன. நூலேணி அந்தரத்தில் முழு நீளத்துக்கும் தொங்கி ஆடியது.

மேல்தளத்தில் பையன்கள் கைதட்டினார்கள். யாரோ ஒருவன் விசிலடித்தான்.

கப்பல் இறங்கத் தொடங்கியது. ஏணியின் அடிப்படி தண்ணீரைத் தொட்டது. அடுத்த படி நனைந்தது.

அழுகை வந்தது. கண்ணாடி மங்கியது. அவர் கண்ணை எடுக்காமலே புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது சீஃப். எந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சார். அவன் ஏறட்டும்."