பட்டன் வைக்கும்போது

"ஜெபம் பண்ணத் தெரியாத ஒருத்தியை வெச்சுக்கிட்டு நம்ம கடை எப்படிங்க உருப்படும், முதலாளியம்மா?"

கடையின் மூத்த தையல்காரி பெரியக்கா கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் எல்லோருக்கும் பட்டது.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை. காலையில் மிஷினைத் தொடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஜெபம். தினம் ஒருத்தர் முறை. பட்டன் வைக்கப் புதிதாக வந்தவள் மட்டும் ஒவ்வொரு முறையும், "எனக்கு வராதுக்கா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று நழுவிக்கொண்டே இருந்தாள்.

பெரியக்கா ஜெபம் பண்ணினால் அது தனி. ஜெபக் குறிப்பு எழுதிய நோட்டைத் திறந்தால் நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி, பக்கத்துத் தெரு முழங்கால் வலி வரைக்கும் ஒன்று விட்டுப்போகாது. ஆமென் சொல்லி நோட்டை மூடிவிட்டால், மறுநாள் காலை வரை கடவுளுக்கு லீவு.

போன மாதம் ஒருத்தி வாய் தவறி, "உங்க மகளுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுங்கக்கா, குழந்தை பொறந்திருக்காமே" என்று சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஏது மக?" என்றாள் பெரியக்கா. அன்று முழுக்க அவள் மிஷின் ஓடிய வேகத்தில் ரெண்டு ஊசி உடைந்தது. மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் ஒன்றரை வருஷம். வீடு என்னவோ ரெண்டு தெரு தள்ளித்தான்.

முதலாளியம்மா புதியவளைப் பார்த்தார். "இன்னைக்கு உன் முறை. இன்னைக்கும் முடியாதுன்னா, சாயங்காலம் கணக்கை முடிச்சுக்கலாம்."

புதியவள் எழுந்தாள். கண்ணை மூடினாள். கடையே காதைத் தீட்டிக்கொண்டது.

"இயேசப்பா, எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு. பட்டன் வைக்கும்போது பேசிக்கலாம், சரியா?"

உட்கார்ந்துவிட்டாள்.

ஒருத்தி களுக்கென்று சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரியக்கா முகம் மட்டும் அடுப்பில் போட்ட மாதிரி சிவந்தது. "ஆண்டவர்கிட்ட பேசுற பேச்சா இது? பக்கத்து வீட்டுக்காரரா அவர்?"

"சாயங்காலம் பேசிக்கலாம்" என்று முடித்துவிட்டார் முதலாளியம்மா.

மத்தியானம் பெரியக்காவின் கண் புதியவள் மேலேயே இருந்தது. குனிந்த தலை நிமிராமல் பட்டன் வைக்கிறாள். ஆனால் உதடு ஓயவில்லை. காதில் போனை மாட்டிக்கொண்டு யாருடனாவது அரட்டையா? கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் போதும். நூல் எடுக்கிற சாக்கில் பெரியக்கா அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

காதில் ஒன்றும் இல்லை.

"...இது சின்ன சைஸ், இயேசப்பா. முதல் தடவை பள்ளிக்கூடம் போற பிள்ளையா இருக்கும். அழுதா பக்கத்துல யாராச்சும் கையைப் பிடிச்சுக்கட்டும். இந்தா, இது பெரிய சைஸ். வாட்டசாட்டமான பய போல. அவன் யாரையும் அடிக்காம நீ பாத்துக்க."

ஒரு பட்டன், ஒரு பேச்சு. நூலைப் பல்லால் கடித்தாள். அடுத்த சட்டை.

"அப்புறம் என் விஷயம். வேலை போயிடும் போலிருக்கு. கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன், நீயே சொல்லு. சரி சரி, அதை அப்புறம் பேசலாம். முதல்ல இதைப் பாரு."

மடியில் கிடந்த சட்டைகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் சட்டை.

பெரியக்காவுக்குத் திக்கென்றது. வெட்டும்போது மிஞ்சிய துணியில், எல்லோரும் போன பிறகு பெரியக்காவே தைத்தது. தைத்த கையோடு துண்டுத்துணி மூட்டையின் அடியில் திணித்ததும் அவள்தான்.

"ஒட்டுத்துணி தேடும்போது மூட்டைக்குள்ள கிடைச்சுச்சு. இந்தத் தையல் வேற யாருக்கு வரும்? பெரியக்காதான். பேத்திக்குத் தைச்சிருக்கு, பாவம், குடுக்க மனசு வரலை. நான் போய்க் கேட்டா என்னைத் திட்டும். நீ கேளேன் இயேசப்பா. உனக்கென்ன, காலையில அவ்வளவு நேரம் உன்கூடப் பேசுது, உன்கிட்ட சொல்லாமலா இருக்கும்?"

பெரியக்கா நூல்கண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நோட்டு முழுக்க ஊரார் வீட்டு மகள்கள். ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வரி, தன் மகளைப் பற்றி ஆண்டவரிடம் சொன்னதில்லை.

புதியவள் மஞ்சள் சட்டையில் முதல் பட்டனை வைத்து முடித்தாள்.

சாயங்காலம் முதலாளியம்மா வந்தார். "என்ன பெரியக்கா, இவளை அனுப்பிடலாமா? நாளைக்கே வேற ஆள் வர்றேன்னு சொல்லியிருக்கு."

எல்லோரும் மிஷினை நிறுத்தினார்கள். புதியவளின் கை ஊசியோடு அந்தரத்தில் நின்றது.

பெரியக்கா ஒரு ஸ்டூலை இழுத்து, புதியவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மஞ்சள் சட்டையை எடுத்துத் தன் மடியில் விரித்தாள். ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயன்றும் முடியவில்லை, கண்ணீர் மறைத்தது. புதியவள்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"ஜெபம் பண்ணத் தெரியாதவ இந்தக் கடையில ஒருத்திதான் முதலாளியம்மா. அவ இப்பத்தான் கத்துக்க உக்காந்திருக்கா. தொந்தரவு பண்ணாதீங்க, இன்னும் ரெண்டு பட்டன் பாக்கி."