மூன்றாம் ஓலை

"எங்க முப்பாட்டன் உத்திராபதி அந்தக் காலத்துலயே வெள்ளைக்காரியக் கட்டினவரு" என்று சக்கரபாணி சிதம்பரத்துச் சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்ளாத விசேஷமே இல்லை. ஆதாரம் எங்கே என்று கேட்டு அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை அரித்தது.

வரலாறு படிக்கும் மகள் தமிழினி, கடலூரில் வெள்ளைக்காரர் காலத்துச் சர்ச்சில் பழைய கல்யாணப் பதிவைத் தேடுவதாகச் சொல்லி ஞாயிறுதோறும் போனாள். இரண்டாவது ஞாயிறு முகம் வாடித் திரும்பினாள்.

"அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லப்பா. சர்ச்சுல மூணு ஞாயிறு ரெண்டு பேர் பேரையும் சொல்லி ஓலை வாசிப்பாங்க. யாரும் தடை சொல்லலன்னாதான் கல்யாணம். இவுங்களுக்கு ரெண்டு வாட்டி வாசிச்சிருக்காங்க. மூணாவது வாட்டி ஒருத்தர் எழுந்து நிறுத்திட்டாரு."

"எவன் அவன்?"

"உத்திராபதியோட அப்பா."

"பாவி மனுசன். புடிச்சவுங்க கட்டிக்கிட்டா இவனுக்கு என்ன வந்துச்சி?"

"நெசமாத்தான் சொல்றியாப்பா?"

"பின்ன?"

ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பதிவைத் தன் கண்ணால் பார்த்துவிட, அடுத்த ஞாயிறு மகளிடம் சொல்லாமல் அவரும் கிளம்பிப் போனார். ஆராதனை இன்னும் முடியவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாதிரியார் ஒரு தாளைப் பிரித்தார்.

"தேவராஜ் மகன் சாமுவேலுக்கும், சக்கரபாணி மகள் தமிழினிக்கும் மூன்றாம் முறையாக ஓலை வாசிக்கப்படுகிறது. தடை சொல்ல வேண்டியவர்கள் இப்போது சொல்லலாம்."

முன் பெஞ்சில் முக்காட்டோடு குனிந்திருந்தவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

சக்கரபாணி அதற்குள் எழுந்து நின்றிருந்தார்.