ஐந்து பட்டை ஸ்பிரிங்

மிச்சிகனில் பனி கரைந்ததும் ஓரினுக்குப் பந்தய வெறி பிடித்துவிடும். இந்த முறை முதல் வாரமே மூன்று பேர் அவனை முந்திவிட்டார்கள். காரை நேரே தன் சிநேகிதன் வெண்டெலின் பட்டறைக்கு ஓட்டிவந்தான்.

"பின்பக்கம் அடைகாக்கிற கோழி மாதிரி உக்காந்திருக்கு பாரு. வளைவுல வாலை ஆட்டுது. பழைய ஸ்பிரிங் செத்துப்போச்சு. அஞ்சு இரும்புப் பட்டை அடுக்கின ஸ்பிரிங்கா மாட்டிரு."

"நாலு பட்டையே போதும்டா. அஞ்சு போட்டா விறைப்பா இருக்கும், தூக்கிப்போடுற போடுல உன் இடுப்பு கழண்டுரும்."

"ஓட்டப்போறது நான். நீ மாட்டு."

சனிக்கிழமை ஓரின் வந்தபோது பட்டறையில் வெண்டெல் இல்லை. காரின் பின்பக்கம் கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் பறந்தான்.

அன்று கார் ஒவ்வொரு வளைவிலும் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்த மூன்று பேரையும் முந்திவிட்டான்.

"எல்லாம் அஞ்சு பட்டை!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே அவர்களிடம் அளந்தான். "இடுப்பு விட்டுப்போச்சு. ஆனா ஸ்பிரிங்னா இப்படித்தான் இருக்கணும்."

போன் அடித்தது. வெண்டெல்.

"டேய், காரை எங்கடா கொண்டுபோன? ஸ்பிரிங் திங்கக்கிழமைதான் வருது!"

"அப்ப... பின்பக்கம் எப்படித் தூக்குச்சு?"

"டிக்கியைத் தொறந்து பாத்தேன். பனியில வழுக்காம இருக்க நீ டிசம்பர்ல ஏத்தின மணல் மூட்டை எல்லாம் அப்படியே கிடந்துச்சு. இறக்கி வச்சேன்."

"மெதுவாப் பேசுடா. அஞ்சு பட்டை வேணும்னு நான் முந்தின மூணு பேரும் உன் பட்டறைக்குக் கிளம்பிட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த கையை மெல்ல எடுத்தான்.